நகல் துப்பாக்கியும் அசல் லைசென்சும்

தமிழில் துப்பாக்கி மிக அதிகமாக அச்சான ஊர் சிவகாசியாகத்தான் இருக்க வேண்டும். 1972 ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ். இரண்டும் சிவகாசியிலிருந்து வந்தவை. டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக் என்று குதிரையேறி வந்த வெள்ளைக்காரர்கள் 1980-களிலும் 90-களிலும் விருதுநகர், சாத்தூர், ராஜபாளையம் பையன்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிப்போனார்கள். அவர்கள் கையிலிருந்த நீளத் துப்பாக்கிக்கு ஒரு விசேஷம் உண்டு. விசையைச் சுற்றி வளையமாக ஒரு பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். லீவர் ஆக்‌ஷன் ரைபிள். நிஜமான ரைபிள் எதையும் தொட்டுப் பார்க்காமலேயே 'வின்செஸ்டர்' என்ற பெயரை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை அது.

அந்தத் தலைமுறையில் ஒருவர், இப்போது அமெரிக்காவில் வேலை பார்ப்பவர், எழுதிக் கேட்டார். 1873-ஆம் வருட மாடல் வின்செஸ்டரின் இத்தாலிய நகல் ஒன்று, 1970-களில் செய்தது, பழைய சாமானாக விலைக்கு வருகிறதாம். "அண்ணாச்சி, வாங்கிரவா வேண்டாமா?" அவருடைய உறுத்தல் துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பதில் இல்லை. ஒரிஜினல் இல்லையே, டூப்ளிகேட்டுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு என்பதில்தான். இந்த உறுத்தலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். நம்முடைய கரிசல் பக்கத்தில் துப்பாக்கியின் 'நகல்' யார் கைக்கு வந்தது, 'அசல்' யார் கைக்குப் போனது?

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். வின்செஸ்டர் கம்பெனி 1873 மாடலை 7 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வழக்கொழிந்தது. வழக்கொழிந்த பிறகுதான் அதன் மீது பிரியம் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-ல் வரவிருந்த நேரத்தில், வட இத்தாலியில் பிரெசியா அருகே கார்தோனே என்ற ஊரில் ஆல்டோ உபெர்ட்டி என்பவர் 1959-ல் ஒரு பட்டறையைத் தொடங்கினார். பழைய அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளின் நகல், பிறகு பழைய லீவர் ரைபிள்களின் நகல். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் துப்பாக்கித் தொழில்தான். 1500-களிலிருந்து பெரெட்டா குடும்பம் குழல் செய்துகொண்டிருக்கும் இடம். ஒரே தொழிலில் ஊரே பிழைக்கும் விதத்தில் சிவகாசிக்காரருக்கு அந்நியமாகத் தெரியாத ஊர். 1948-ல் டெக்ஸ் வில்லரை உருவாக்கிய போனெல்லியும் கலெப்பினியும் இத்தாலியர்கள். 1964-ல் கௌபாய் படத்தைத் திருப்பி எழுதிய செர்ஜியோ லியோனே இத்தாலியர். ஆக அமெரிக்க மேற்குக்குத் துப்பாக்கி நகல், படக்கதை நகல், சினிமா நகல் மூன்றும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில் தயாராயின. அதில் படக்கதை மட்டும் சிவகாசியில் தமிழாகி, நகலின் நகலாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'அசல் இல்லாத நகல்' என்று தத்துவம் பேசியதை நம் பையன்கள் ஒன்றரை ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வாங்கிப் படித்துவிட்டார்கள்.

நண்பருக்குப் பயன்படும் விஷயம்: இத்தாலிய நகலுக்கு வயதைக் கண்டுபிடிப்பது லேசு. அரசுச் சோதனைக் கூடத்து முத்திரையோடு ஆண்டுக்கான குறியும் உலோகத்தில் அடிக்கப்பட்டிருக்கும். 1974 வரைக்கும் ரோமன் எண், 1975-லிருந்து இரண்டெழுத்து. இரும்பைப் பொறுத்தவரை நகல்தான் உசத்தி. அசல் செய்த காலத்து உலோகத்தைவிட இது உறுதியானது. ஆனால் உள்ளே இருக்கும் பூட்டு பழைய பூட்டுதான். முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் இரண்டு இணைப்புகள்தான் தோட்டாவின் பின்னுதைப்பைத் தாங்க வேண்டும். கரும்பொடிக் காலத்து ஏற்பாடு. அழுத்தம் கூடிய தோட்டாவைப் போட்டுப் பழகிய பழைய நகலில் அந்த மூட்டு தளர்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. இன்னொன்று: நகல்கள் பலவும் '.45 கோல்ட்' தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அசல் 1873 ரைபிள் அந்தத் தோட்டாவுக்கு ஒருபோதும் செய்யப்பட்டதில்லை. சினிமாவில் பார்த்த ஞாபகத்துக்கு ஏற்றபடி சரித்திரமே இரும்பில் திருத்தி வார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1898-ம் அதற்கு முந்தியதுமான துப்பாக்கி புராதனப் பொருள். அதே உருவத்தில் இன்றைய தோட்டாவைச் சுடும் நகல், புதுத் துப்பாக்கி.

இதை 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று கம்பெனியின் விளம்பரம் சொன்னது. யாருடைய கையில் இருந்துகொண்டு வென்றது? 1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன். கஸ்டரின் குதிரைப்படை வீரர்களிடம் ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்தான் இருந்தது. அவர்களைச் சூழ்ந்த லகோட்டா, செயேன் மக்களில் கணிசமானவர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் லீவர் ரைபிள்கள். 1983-ல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்த பிறகு 1984-லிலும் 85-லிலும் நடந்த அகழாய்வில் கிடைத்த தோட்டாக் கூடுகள் இதை உறுதி செய்தன. ராணுவத்தைவிட நல்ல துப்பாக்கியை வியாபாரிகளிடம் வாங்கி வைத்திருந்தார்கள் பூர்வகுடிகள். 14 வருஷம் கழித்து, 1890 டிசம்பர் 29, வூண்டட் நீ. துப்பாக்கிகளை ஒப்படை என்று ராணுவம் கூடாரம் கூடாரமாகச் சோதித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் படுகொலை தொடங்கியது. பெண்களும் குழந்தைகளும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். நவஹோ மக்களுக்கே தலைவனாக, 'இரவுக் கழுகாக' ஒரு வெள்ளை ரேஞ்சரை உட்கார வைக்கும் டெக்ஸ் கதையில் இந்தக் கணக்கு நேராகி விடுகிறது. நகல் ரைபிளும் அப்படித்தான். அதைத் தோளில் வைத்துப் பார்க்கிறவன் தன்னைக் கௌபாயாகத்தான் பார்க்கிறான், லகோட்டாவாகப் பார்ப்பதில்லை. தெற்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவனும் அப்படியே பார்ப்பது எப்படி நேர்ந்தது என்பதுதான் எனக்குக் கேள்வி. ஏனென்றால் நாமும் ஆயுதம் பிடுங்கப்பட்ட ஜனம்.

*

1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி அரசு, டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஒரு பிரகடனம் வெளியிட்டது. பாளையக்காரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும். சேத்தூரும் கொல்லங்கொண்டானும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் பாளையங்கள். அதுவரைக்கும் ஊர்க்காவல் என்பது ஆயுதத்தோடு சேர்ந்த உரிமை, வருமானம், அந்தஸ்து. (இந்தக் காவலின் கீழே மிதிபட்டவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பாளையக்காரர் பெருமை பேசுவது நமது மேடைகளின் வியாதி.) பிரகடனம் ஆயுதத்தைப் பிடுங்கியது, காவல் சாதி என்ற நினைப்பைப் பிடுங்கவில்லை.

1857-க்குப் பிறகு கட்டுப்பாடு இந்தியா முழுவதற்கும் பரவியது. 1878-ல் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம். அதே 1878-ல்தான் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டமும் வந்தது. அச்சும் மருந்தும் தொழிலாக வளரப்போகிற ஒரு பட்டிக்காட்டுக்கு இந்த இரண்டு சட்டமும் ஒரே வருஷத்தில் பிறந்தது எதேச்சைதான், ஆனாலும் குறித்துக்கொள்ள வேண்டியது. பத்திரிகைச் சட்டத்தை 1882-லேயே ரிப்பன் எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டம் 1959 வரை நின்றது. அந்தச் சட்டத்தில் வெள்ளையனுக்கு லைசென்ஸ் வேண்டாம், கறுப்பனுக்கு வேண்டும். இந்த நிறபேதம் விதிகளிலிருந்து நீங்கியது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். 'விசுவாசமான' குடகு மக்களுக்குத் தரப்பட்ட விலக்கு மட்டும் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்கிறது. 2019-ல் அதை மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள்.

நிஜமான லீவர் ரைபிள் தமிழ்நாட்டுக் காட்டில் சுடப்பட்டதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன். சேலம், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் அவர் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டது .405 வின்செஸ்டர், 1895 மாடலில். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அந்தப் பிரவுனிங்கின் இன்னொரு வடிவமைப்பு, பெல்ஜியத்தில் செய்த தானியங்கிக் கைத்துப்பாக்கி, 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது. (வாஞ்சிநாதன் சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் சனாதனத்தைத் தனியாகப் பேச வேண்டும்.) ஒரே கைவேலையில் பிறந்த இரண்டு ஆயுதம். ஒன்றுக்கு வேட்டை இலக்கியம் கிடைத்தது, மற்றதற்குச் சதி வழக்கு.

இதற்கிடையில் 1899 ஜூன் 6. கோயில் நுழைவுப் பிரச்சினை முற்றி, ஆயிரக்கணக்கில் திரண்டு வந்த கூட்டம் சிவகாசியைத் தாக்கியது. நாடார்கள் தங்கள் ஊரைத் தாங்களே நின்று காக்க வேண்டியிருந்தது. ஆயுதச் சட்டம் வந்து 21 வருஷம் ஆகியிருந்தது. 'இனி உன்னை நான் காப்பேன், நீ ஆயுதத்தை வை' என்று 1801-லும் 1878-லும் சொன்ன அரசு, காக்க வேண்டிய அன்றைக்கு ஊருக்கு வெளியே இருந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பு, மத்தாப்புக்குப் பின்னால் வெடி.

வெடிக்குள் இருப்பதும் துப்பாக்கி மருந்துதான். வெடியுப்பு, கந்தகம், கரி. குழலுக்குள் போனால் அதற்கு ஆயுதச் சட்டம், காகிதத்துக்குள் சுருட்டினால் 1884-ல் வந்த வெடிபொருள் சட்டம். குழலில்லாத மருந்தை மட்டும் கையாளச் சிவகாசிக்கு அனுமதி. சத்தம் உண்டு, குண்டு கிடையாது. இந்த ஏற்பாட்டின் உச்சம் என்று தீபாவளித் தகரத் துப்பாக்கியையும் அதில் மாட்டும் ரோல் கேப்பையும் சொல்வேன். 1992-ல் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிகளை மத்திய அரசு தடை செய்தபோது சில விலக்குகள் கொடுத்தது: விஞ்ஞான ஆய்வுக்கான சிறு அளவு, தீக்குச்சியின் தலை, பொம்மைத் துப்பாக்கிக்கான காகிதக் கேப். ஆக நகல் துப்பாக்கிக்கு இந்த நாட்டில் சட்டபூர்வமான அந்தஸ்து உண்டு, அதற்கான மருந்துக்குத் தனி விலக்கும் உண்டு. அந்தக் கேப்பை வாங்கிச் சுட்ட பையனையும், காமிக்ஸ் வாங்கிப் படித்த பையனையும் பற்றிப் பேசும்போது, விடியுமுன் பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளையும் சேர்த்துப் பேச வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990-ல் வந்தது. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி. முப்பதுக்கு மேற்பட்டோர் கருகினார்கள். எதிரியே இல்லாத மருந்து, செய்கிறவனைச் சுடுகிறது.

*

ஆயுதச் சட்டத்தை எதிர்த்து நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் வாள் ஏந்திய கதை இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. 1927-ல் நாக்பூரில் ஆவாரி என்பவர் வாளோடு ஊர்வலம் போய்ச் சட்டத்தை மீறினார். அதைத் தமிழ்நாட்டில் எடுத்து நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் விருதுநகர் காமராஜர். கதர்ச்சட்டை அஹிம்சாவாதி கையில் வாள். சுட அல்ல, வெட்ட அல்ல, வைத்திருக்க உரிமை உண்டு என்று காட்ட. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக எழுதியது. 1933-ல் விருதுநகர் தபால் ஆபீசிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனிலும் குண்டு வெடித்த வழக்கில் காமராஜரையும் சேர்த்தார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினார்கள், வழக்கு நிற்கவில்லை. 

சுதந்திரம் கைக்கு வந்ததும் கராச்சித் தீர்மானம் என்ன ஆனது? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவுபடுத்தி, ஆயுதம் தாங்கும் உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. திருடனுக்கும் வழக்கமான குற்றவாளிக்கும்கூடவா இந்த உரிமை என்று கேட்டார். தனிமனிதனின் உரிமையைவிட ஆயுதம் தாங்கும் கடமையே முக்கியம் என்றார். திருத்தம் தோற்றது. 19-ஆம் உறுப்பில் ஆயுதம் என்ற சொல் இருக்கிறது, 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமை என்பதற்குள். ஊரில் யாரிடம் ஆயுதம் இருக்கும், யாரை நோக்கித் திரும்பும் என்று தெரிந்தவரின் மறுப்பாக இதை வாசிக்க இடமுண்டு. வாளேந்திய காமராஜர் முதலமைச்சராக இருந்த 1957 செப்டம்பரில், இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட மூன்றாம் நாள், கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. அரசின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கும் சட்டம் எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

1959-ல் புதிய ஆயுதச் சட்டம், 1962 அக்டோபரில் அமல். அதில் 14-ஆம் பிரிவு ஒன்றைச் சொல்கிறது: போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது. நல்ல வாசகம். இப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதுவரை நடந்தது தெரிகிறது. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் ஊரில் யார் வீட்டுச் சுவர் நினைவுக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பண்ணை வீடு, மில் முதலாளி வீடு, எஸ்டேட் பங்களா. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி விரட்டுகிற சம்சாரிக்குச் சட்டம் நினைத்து வைத்திருப்பது மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி.

நண்பர் அந்த நகலை ஊருக்குக் கொண்டுவர நினைத்தால்? 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு அடைத்தாகிவிட்டது, பெயர்பெற்ற போட்டிச் சுடுநர்களைத் தவிர. பழம்பொருள் என்று சொல்லவும் முடியாது. 45-ஆம் பிரிவின் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். பழசு மாதிரி இருந்துகொண்டு நன்றாகச் சுடுவது அதில் வராது. ஆகவே வாங்கினால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் எழுதினேன். இரும்பைப் பற்றிய அபிப்பிராயம் அல்ல அது. அங்கே கடையில் நிரப்பும் படிவம் எதற்காக வாங்குகிறாய் என்று கேட்பதில்லை, இங்கே மனுவில் முதலில் கேட்பதே அதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதிலே தேவைப்படாத ஒருவர் செலவழிக்கும் காசு எனக்கு உறுத்துகிறது.

அந்தக் கேள்விக்கு உயிர்போகிற பதில் வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995 மார்ச் 31-ல் வந்தன. அதன் 3-ஆம் விதியை நம் தோழர்கள் பலர் படித்ததே இல்லை. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியென்று அடையாளம் கண்ட இடங்களில் மாநில அரசு செய்ய வேண்டியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது. பட்டியல் சாதி அல்லாதவர்களின், அவர்களுடைய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். கள்ளத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய வேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் லைசென்ஸ் வழங்க வேண்டும். 1801 பிரகடனத்தையும் 1878 சட்டத்தையும் தலைகீழாக்கும் வாசகம் இது. ஐந்தே மாதத்தில், அதே 1995 ஆகஸ்ட் 31-ல், கொடியன்குளம். அன்றைக்கு வீடு புகுந்து நொறுக்கியவர்கள் லைசென்ஸ் தேவைப்படாதவர்கள், காக்கி உடுப்புக்காரர்கள். 1997 ஜூன் 30-ல் மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனுக்குப் பாதுகாப்புத் 'தேவையெனக் கருத' வேண்டியவர்கள் கருதவில்லை.

சேரிக்குத் துப்பாக்கி கொடு என்று கோஷம் போடலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 1948-ல் அம்பேத்கர் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு தலித் வீட்டின் மீது எவ்வளவு பொய் வழக்கு வரும் என்பதும் தெரிந்ததே. ஆனால் 3-ஆம் விதியின் முதல் பாதியில், அதாவது ரத்து செய்வதில், தயங்க என்ன இருக்கிறது? தேர்தல் வந்தால் மாவட்டம் முழுக்க லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும் கலெக்டருக்கு, எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை கேட்கலாம். 3-ஆம் விதியின் கீழ் விருதுநகர் மாவட்டத்தில் 1995-லிருந்து இதுவரை எத்தனை லைசென்ஸ் ரத்தானது, எத்தனை வழங்கப்பட்டது, அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை. மனுவுக்குப் பத்து ரூபாய்.